தொட்டி ஆமைக்குக் காளான் பொடி

கேள்வி: பண்ணை ஆமைகளுக்குத் தீவனத்தில் மருத்துவக் காளான் பொடி கலக்கிறார்களாமே! செல்லூர் கண்மாய்ப் பக்கம் கிடைத்த ஆமையைத் தொட்டியில் வளர்க்கிறேன். நானும் போடலாமா?
— ஒரு வாசகர், செல்லூர், மதுரை.

பதில்: சீனாவில் மென்னோட்டு ஆமைகளை இறைச்சிக்காகப் பண்ணைகளில் வளர்க்கிறார்கள். நெருக்கியடித்து வாழும் குளத்தில் நோய் சீக்கிரம் பரவும். காளானிலுள்ள பீட்டா குளுக்கன் என்ற சத்து நோய் எதிர்ப்பு அணுக்களைத் தட்டி எழுப்பக்கூடியது. அந்தக் கலவைக்குக் காரணம் அதுதான்.

உங்கள் சங்கதி வேறு, ஐயா. கண்மாயில் கிடைத்தது பெரும்பாலும் பாலாமையாகத்தான் இருக்கும். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அது புலியோடு ஒரே அட்டவணையில் உட்கார்ந்திருக்கிறது! பிடித்து வைத்திருந்தால் குறைந்தது 3 ஆண்டு சிறை. பொடிக்கு வைத்திருக்கும் காசு வக்கீலுக்குக் காணாது. இன்றைக்கே வனத்துறைக்குச் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். நத்தை, மீன், செத்தது சிதைந்தது எல்லாம் தின்று கண்மாயைச் சுத்தம் செய்கிற பிராணி அது. தொட்டியில் அதற்கு என்ன வேலை?

கடையில் வாங்கிய, கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டையுள்ள அமெரிக்க ஆமை என்றாலும் பொடி வேண்டாம். ஓடு கெட்டிப்படச் சுண்ணாம்புச் சத்தும், அது உடம்பில் சேர வெயிலும் வேண்டும். உடம்புச் சூடு குறைந்தால் ஆமையின் எதிர்ப்புச் சக்தியும் படுத்துவிடும். மதுரையில் வெயிலுக்கா பஞ்சம்? ஏறி உட்கார ஒரு கல், ஒதுங்கக் கொஞ்சம் நிழல், சுத்தமான தண்ணீர் கொடுங்கள். அலுத்துப்போனால் வைகையில் மட்டும் விட்டுவிடாதீர்கள். நம்மூர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும்.