பச்சை விளக்கு எரிகிறதா சார்?

பெங்களூரில் இணையம் படுத்துவிட்டால் சேவை மையத்தின் முதல் கேள்வி இதுதான். எரியும், அதற்கென்ன! 192.168.1.1 என்று தட்டி ரௌட்டரின் நிலவரப் பக்கத்துக்குள் போனாலும் வைஃபை, ‘கனெக்டட்’. பொய்யில்லை. உங்கள் போனுக்கும் ரௌட்டருக்கும் உறவு சுமுகம். ரௌட்டருக்கும் உலகத்துக்கும்தான் பேச்சுவார்த்தை இல்லை. தெருமுனை மரக்கிளையில் தொங்கிய கேபிளை ஒரு லாரி கூடவே அழைத்துப் போனது அந்தப் பக்கத்தில் வராது.

அங்கேயே ‘வான் ஐ.பி.’ என்று, ரௌட்டரின் வெளிப்புற முகவரியைக் காட்டும் ஒரு வரி உண்டு. அது 100.64 முதல் 100.127 வரையான எதிலாவது தொடங்கினால், ஒரே பொது முகவரியை முகம் தெரியாத பலரோடு பங்கிடுகிறீர்கள் என்று அர்த்தம், கோரமங்களா பி.ஜி. விடுதியின் பொதுக் குளியலறை மாதிரி. இதற்கென்றே 2012-இல் எண்களை ஒதுக்கிவைத்தார்கள், புண்ணியவான்கள்.

ரௌட்டரின் பின்னால் ஒரு யு.எஸ்.பி. துளையும் உண்டு. பென்டிரைவைச் செருகினால் ‘சாதனம் கண்டறியப்பட்டது’ என்று ரௌட்டர் பூரிக்கும். விண்டோஸ் கண்டுகொள்ளாது. பழைய ரௌட்டர்கள் பலவற்றுக்குத் தெரிந்தது எஸ்.எம்.பி. என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறையின் முதல் பதிப்பு மட்டுமே; வானாக்ரை என்ற பணயத் தீநிரல் ஆட்டிவைத்த 2017-இல் மைக்ரோசாஃப்ட் அந்தப் பதிப்பை விண்டோஸிலிருந்து கழற்றத் தொடங்கிவிட்டது. சரி, ஹார்டு டிஸ்க்? யு.எஸ்.பி. 2.0 துளை தருவது அரை ஆம்பியர். பசியோடு ‘கடக், கடக்’ என்று முனகும். ஃபேட்32-இல் வடிவமைத்திருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட படமும் ஏறாது.

செருகியே தீருவேன் என்பவர்கள், முதலில் ரௌட்டரின் ‘அட்மின்’ என்ற கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். வைஃபை கேட்டு வரும் விருந்தாளிக்கும் அது தெரியும்.