மேட்டூர் அணைமீது வழக்குப் போடுங்கள்

பெறுநர்: சட்டமுறை எடையளவு அதிகாரிகள்.
பொருள்: அடியும் மீட்டரும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துவது தொடர்பாக.
பார்வை: எடையளவுத் தரச் சட்டம், 1956, சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009.

ஐயா,

பார்வையில் கண்ட இரண்டாவது சட்டத்தின் 11-ஆம் பிரிவை அண்மையில் படித்தேன். மெட்ரிக் அல்லாத அளவில் விலை சொல்வதே குற்றமாம். அப்படியானால் "முழம் இருபது ரூபாய்" என்று கூவும் பூக்காரம்மா ஒரு குற்றவாளி. அவர் முழங்கைக்கு முத்திரை வைக்க நீங்கள் புறப்படும் முன், பெரிய குற்றவாளிகள் சிலரைக் காட்டிக்கொடுக்க அனுமதியுங்கள்.

முதல் பெயர் மேட்டூர் அணை. குடகில் மழை மில்லிமீட்டரில்தான் பெய்கிறது. மேட்டூர் வந்து சேர்ந்ததும் அதே தண்ணீர் அடிக்கணக்கில் ஏறுகிறது. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. மதகைத் திறந்தால் விநாடிக்கு இத்தனை கன அடி. வயலுக்குப் போனால் ஏக்கர். குழாய் வழியே வீட்டுக்கு வந்தால் லிட்டர். ஒரு டி.எம்.சி. என்பது ஏறத்தாழ 2,831 கோடி லிட்டர். 2018-இல் உச்ச நீதிமன்றமே கர்நாடகம் தமிழகத்துக்குத் திறந்துவிட வேண்டிய காவிரி நீரை 177.25 டி.எம்.சி. என்றுதான் எழுதியது. யார்மீது முதலில் வழக்கு என்பதை உங்கள் துணிச்சலுக்கே விடுகிறேன்.

அடுத்து நிலம். தரகர் அதை ஐந்தரை சென்ட் என்பார். சென்னைக்காரர் ஒரு கிரவுண்ட் என்பார். பத்திரம் 2,400 சதுர அடி என்கிறது. பட்டாவில் அதுவே ஹெக்டேர், ஏர் கட்டங்களுக்குள் 0 – 02.23 என்று சுருங்கிக் கிடக்கிறது. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கியவர் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துத் திடுக்கிட்டால் அவரைக் குறை சொல்ல முடியுமா? அந்த மனையில் வீடு கட்டும் கொத்தனார் "எட்டு எம்.எம். கம்பியை ஆறு இஞ்சுக்கு ஒன்றாகக் கட்டு" என்பார். சிமெண்ட் கிலோவில் வரும். மணல் யூனிட்டில், அதாவது நூறு கன அடியில் வரும். இத்தனைக்குப் பிறகும் கட்டடம் நேராகத்தான் நிற்கிறது. உங்கள் சட்டத்துக்கு இதைவிடப் பெரிய அவமானம் இருக்க முடியாது.

காய்ச்சல் நூற்றிரண்டு, வானிலை முப்பத்தெட்டு. ஆனால் "வெயில் சதமடித்தது" என்று எழுத நம் நாளிதழ்களுக்கு ஃபாரன்ஹீட்தான் வேண்டும். 37.8-ஐ வைத்து யாரால் சதமடிக்க முடியும்? கார் டயரைப் பாருங்கள்: அகலம் மில்லிமீட்டரில், ரிம் இஞ்சில். ஒரே ரப்பரில் இரண்டு ராஜாங்கம்.

எனக்குப் புரியாதது ஒன்றுண்டு. 1958-இல் எடைக்கல்லில் தொடங்கி, 1962-க்குள் வீசை, பலம், மரக்கால் என நம் சொந்த அளவுகளை எல்லாம் கடைவீதியைவிட்டு விரட்டினீர்கள். வெள்ளைக்காரன் விட்டுப்போன அடியும் ஏக்கரும் மட்டும் எப்படித் தப்பின? தராசு கடையில் இருந்தது. போய் முத்திரை வைத்தீர்கள். நிலத்தையும் அணையையும் தூக்கி மேசைமேல் வைக்க முடியவில்லை. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இதில் புத்திசாலி பவுன் ஒன்றுதான். ஆங்கிலேயரின் சவரன் நாணயம் 7.988 கிராம். நம் நகைக்கடைக்கு வந்தபின் பெயரை வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் எட்டு கிராமாக மாறிக்கொண்டது. அடியையும் இப்படியே 30 சென்டிமீட்டர் என்று அறிவித்துவிடலாமே என்று ஒரு யோசனை வந்தது. கணக்குப் போட்டேன். ஒரு கிரவுண்டில் சுமார் ஏழு சதுர மீட்டர் காணாமல் போகிறது. ஒரு சமையலறை! கட்டுமான அதிபர்கள் உங்களுக்கு மாலை போட வரிசையில் நிற்பார்கள். யோசனையைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆகவே, கோரிக்கை இதுதான். வழக்குப் போடுவதென்றால் அணையிலிருந்து தொடங்குங்கள். அடுத்து பத்திரம், பிறகு மணல் லாரி, டயர் கம்பெனி என்று வரிசையாக வாருங்கள். பூக்காரம்மாவிடம் கடைசியாக வந்தால் போதும். அவர் கை அளவு வாங்குகிறவர் கண்ணெதிரே இருக்கிறது; பட்டாவின் அளவு அப்படி இல்லை.

இப்படிக்கு,
ஐந்தடி ஆறங்குல உயரமும் எழுபது கிலோ எடையும் உள்ள ஒரு குடிமகன்.