பொன் விளைந்த ஊரில் பொன் பூச்சு

பேத்தமங்களா ஏரியில் தேக்கிய பாலாற்று நீரால் வளர்ந்த கோலார் தங்கவயலில், தங்கத்தை எடுக்கும் செலவு அதன் விலையை விஞ்சியதால் 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. எனினும் 'கோல்டு ஃபேஷியல்' என்னும் முகப்பூச்சாக அழகு நிலையம் வழியே திரும்பிய பொன், மண்ணைக் குடைந்தவர்களின் பேத்திமார் பணப்பையைக் குடைகிறது. எதனோடும் எளிதில் வினைபுரியாத மந்த உலோகமான தங்கம், தோலோடு மட்டும் உறவு கொண்டாடும் என்பது வேதியியலை மீறிய நம்பிக்கை. தோலுக்குப் போதுமானவை மூன்றே: மென்மையான சோப்பு, ஈரம் காக்கும் களிம்பு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன். பொன்தான் வேண்டுமெனில், தங்கம் பிரித்தெடுத்த கழிவுக் குன்றான சயனைடு மேட்டின் புழுதி காற்றில் இலவசமாகவே முகத்தில் படிகிறது. அதில் மிச்சத் தங்கமும் உண்டு.