ஆறாம் வகுப்பில் பசிக்காது

மகள் ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டாள். சொந்தக்காரர்கள் போன் போட்டு, "பாஸா?" என்று கேட்கிறார்கள். எட்டாவது வரைக்கும் இங்கே எல்லோரும் பாஸ்தான் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் கேட்பதுதான் முறை. நானும் கொஞ்சம் இழுத்துப் பிடித்து, "பாஸ்தாங்க" என்கிறேன்.

அக்கா மகன் ஐந்தாவது படித்த வருடம் கதை வேறு. ஐந்தாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று 2019-இல் அறிவித்துவிட்டார்கள். அக்கா வீட்டில் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பையனை விடியற்காலையில் எழுப்பி உட்கார வைத்தார்கள். 2020 பிப்ரவரியில் தேர்வு ரத்து. பையன் தெருவெல்லாம் குதித்தான். மறுபடி கேபிளுக்குப் பணம் கட்டிய மாமா மட்டும் குதிக்கவில்லை.

என் மகளுக்கு ஐந்து வருடப் படிப்பு என்பது பேருக்குத்தான். 2020-இல் சேர்த்தபோது பள்ளிக்கூடமே பூட்டிக் கிடந்தது. ஒன்றாம் வகுப்பைக் கல்வித் தொலைக்காட்சி முன்னால் பாயில் படுத்தபடி முடித்தாள். பாடம் ஓடும், அவள் தூங்குவாள், பக்கத்தில் அவளுடைய ஆயா கண்கொட்டாமல் கூட்டல் கற்றுக்கொண்டிருப்பார். 2021 நவம்பரில் பள்ளி திறந்ததும் நேரே இரண்டாம் வகுப்பு. எங்கள் ஊரில் இருப்பது ஈராசிரியர் பள்ளி. இரண்டே அறையில் ஐந்து வகுப்பும். மூன்றாவதில் உட்கார்ந்துகொண்டே ஐந்தாவது பாடத்தைக் கேட்டவள், ஐந்தாவதுக்கு வந்ததும், "இதெல்லாம் அப்பவே முடிச்சாச்சுப்பா" என்று புத்தகத்தை மூடிவிட்டாள்.

டி.சி. வாங்கப் போனோம். அங்க அடையாளம் என்று இரண்டு இருக்க வேண்டுமே. ஒன்று, கழுத்தில் மச்சம். அது இடம் மாறாமல் இருந்தது. இரண்டாவது, வலது முழங்காலில் ஒரு தழும்பு. தலைமை ஆசிரியை கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தேடினார். இப்போது அந்த முழங்காலில் கிளித்தட்டுத் தழும்பு, சைக்கிள் தழும்பு, புளியமரத் தழும்பு எல்லாம் குடியேறிவிட்டதால் பழைய குடியைக் கண்டுபிடிக்க முடியவில்லை. "ஏதோ ஒண்ணு" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வீட்டில் உண்மையான துக்கம் வேறு. காலை உணவுத் திட்டம் ஐந்தாவதோடு சரி. 2023 ஆகஸ்டில் அது எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த நாளிலிருந்து என் மனைவி காலை அடுப்பில் டீ மட்டுமே போட்டுக்கொண்டிருந்தாள். ஆறாவதில் மதியச் சத்துணவு உண்டு, காலையில் கிடையாது. "ஏம்ப்பா, ஆறாவது போனா காலைல பசிக்காதா?" என்று மகள் கேட்டாள். மே மாதம் முப்பத்தொன்றாம் தேதி வரை பசிக்கும், ஜூனில் நின்றுவிடும் என்றுதான் அரசாணையிலிருந்து நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

"ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மென்ட்டு ஸ்கூல்ல படிச்சா, காலேஜ்ல புதுமைப்பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் வரும்" என்று ஆறுதல் சொன்னேன். மகள் மனக்கணக்காகப் போட்டுப் பார்த்து, "அதுவரைக்கும் காலைல என்ன சாப்பிடுறது?" என்றாள். கேட்டுக்கொண்டிருந்த ஆயா, ஆயிரம் ரூபாய் தருவார்கள் என்றால் தன்னையும் ஆறாவதில் சேர்க்கச் சொன்னார். கூட்டல் தெரியுமாம்.

இதில் கொடுமை என்னவென்றால், வீட்டு உப்புமாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பெண், பள்ளிக்கூடத்து உப்புமாவுக்கு ஏங்குகிறாள். அதே ரவை, அதே கடுகு. சமைப்பதும் வெளியூர் ஆள் இல்லை. எங்கள் தெருவில் மகளிர் குழுவில் இருக்கும் அக்காதான். மானத்தை விட்டு மனைவி அவரிடமே பக்குவம் கேட்கப் போனாள். துணைக்கு நானும்.

அக்கா ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். பிள்ளைக்கு 50 கிராம் ரவை. சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு. காய் போட வேண்டும்.

"இவ்வளவுதானாக்கா?"

"இவ்வளவுதான். ஆனா ஒத்தப் பிள்ளைக்குக் கிண்டினா இந்த ருசி வராது தாயி. கொறஞ்சது முப்பது பிள்ளையாவது இருக்கணும்."

மனைவி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். டி.சி.யை இன்னும் பீரோவில் எடுத்து வைக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.