ஜூன் மாதத்து ஒற்றைக் கையுறை: பள்ளி மடல் ஒன்றின் செம்பதிப்பு நோக்கி

பள்ளிகள் ஆண்டிறுதியில் குடும்பங்களுக்கு அனுப்பும் மடல் பற்றித் தமிழில் இதுவரை ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. தேடியும் பார்க்கவில்லை. ஆகவே இதுவே முதல் ஆய்வு என்று துணிந்து கூறலாம். முன்னோடி ஆவதற்கு இவ்வளவே போதும் என்பதை முன்னோடிகள் பலரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஈண்டு எடுத்துக்கொண்டது, அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்துச் செயின்ட் பால் நகரில், பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றின் பின்பகுதியை வாடகைக்கு எடுத்து நடக்கும் சிறிய சார்ட்டர் பள்ளியின் மடல். பள்ளியின் பெயரை ஆய்வறம் கருதி மறைத்துள்ளேன். என் மகள்கள் இருவரும் அங்கே படிப்பது என் நடுநிலையைப் பாதிக்கவில்லை. மூலமொழி ஆங்கிலம். மொழிபெயர்ப்பு வேண்டுவோர் அலுவலகத்தை அழைக்கலாம் என்ற ஒரு வரி மட்டும் அடியில் ஹ்மாங், சோமாலி, கரென், ஸ்பானிஷ் மொழிகளில் இருக்கிறது. தமிழில் இல்லை. தமிழே இல்லாத ஒன்றைத் தமிழாய்வில் எப்படிச் சேர்க்கலாம் என்று கேட்பவர்கள், நம் தமிழ்த்துறைகளில் ஏற்கப்பட்ட தலைப்புகளை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு வரலாம்.

பாயிரம்

நூலைச் சொல்லுமுன் நூல் பிறந்த நிலத்தைச் சொல்வது மரபு. சார்ட்டர் பள்ளி என்பது அரசுப் பணத்தில், கட்டணம் வாங்காமல், ஆனால் ஊர்ப் பள்ளி மாவட்டத்தின் ஆட்சிக்கு வெளியே, ஓர் ஒப்பந்தத்தின் பேரில் நடப்பது. ஒப்பந்தப்படி நடக்காவிட்டால் அனுமதி தந்த அமைப்பே அதை முடித்துவைக்கலாம். இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல். இந்தப் பெயரை முதலில் வைத்தவர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரே பட்டி. 1970களில் அவர் இதை எழுதியபோது யாரும் கண்டுகொள்ளவில்லை. 1988இல் ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர் இதையொத்த கருத்தைப் பேசி, பட்டி வைத்த பெயரையும் எடுத்துக்கொண்ட பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. 1991இல் மினசோட்டா நாட்டின் முதல் சார்ட்டர் சட்டத்தை இயற்றியது. 1992இல் இதே செயின்ட் பாலில் சிட்டி அகாடமி திறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஷாங்கரே இந்தத் திட்டத்தைக் கடுமையாகத் தாக்கத் தொடங்கினார். ஒருவர் எழுத, இன்னொருவர் பெயர் வாங்க, பெயர் வாங்கியவரே பிறகு மறுப்புரையும் எழுதும் இந்த வழக்கம் ஆய்வுலகத்தார்க்குப் புதிதன்று.

இத்தகைய பள்ளிக்குச் சொத்துவரி விதிக்கும் உரிமை இல்லை. பிள்ளைக்கு இவ்வளவு என்று மாநிலம் தருவதுதான் பெரும்பகுதி வரும்படி. பிள்ளை வேறு பள்ளிக்குப் போனால் பணமும் பின்னாலேயே போகும். கட்டட வாடகையில் 90 விழுக்காடு வரை உதவி உண்டு, அதற்கும் தலைக்கணக்கில் உச்சவரம்பு. இவையெல்லாம் பொருளியலார் கவலை. இலக்கிய ஆய்வுக்கு இவற்றால் பயனில்லை என்பதால் இத்துடன் விடுகிறேன்.

சுவடிகளும் காலமும்

கிடைத்த சுவடிகள் மூன்று. குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தின் கீழ்த் தொங்குவது கு.சு.; பள்ளிப்பையின் அடியில் பாதி வாழைப்பழத்தோடு கண்டெடுத்தது பை.சு.; மின்னஞ்சலில் வந்தது மி.சு. இவற்றுள் மி.சு. முழுமையானது, பிழையற்றது, எவரும் எளிதில் படிக்கக்கூடியது. ஆகவே அதை ஒதுக்கிவிட்டேன். பாடம் சிதைந்தால்தானே பதிப்பாசிரியனுக்கு வேலை? பை.சு.வையே மூலமாகக் கொண்டேன்.

அதில் விளையாட்டு நாள் எந்தக் கிழமை என்பது பெருஞ்சிக்கல். ஆங்கிலத்தில் செவ்வாயும் வியாழனும் ஒரே எழுத்தில் தொடங்கி ஒரே ஓசையில் முடிபவை. நடுப்பகுதியை வாழைப்பழம் கொண்டுபோய்விட்டது. நான் வியாழன் என்று பாடங்கொண்டு, தொப்பி, மடக்கு நாற்காலியுடன் நேரில் சென்றேன். மைதானத்தில் ஒரு பிள்ளையும் இல்லை. காவலாளி ஒருவர் கயிற்றுக்கட்டுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். செவ்வாய் என்பதே உண்மைப் பாடம் என்பது இவ்வாறு கள ஆய்வின் வழி நிறுவப்பட்டது.

இனிக் காலம். மடலின் தலையிலேயே தேதி அச்சாகியிருக்கிறதே என்பாரும் உளர். அச்சிட்ட தேதியை நம்பினால் கால ஆராய்ச்சி என்று ஒரு துறை எதற்கு? அகச்சான்றே சான்று. மூத்தவளின் மேசை இழுப்பறையில் கிடைத்த பழைய மடல்களில் ‘மதிய உணவுக் கணக்கில் பாக்கி’ என்றொரு நீண்ட பகுதி உண்டு. 2023இல் மினசோட்டா எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் காலை, மதிய உணவை இலவசமாக்கிச் சட்டம் இயற்றியது. நம் மடலில் அந்தப் பாக்கிப் பகுதி இல்லை. ஆகவே இது 2023க்குப் பிற்பட்டது. இரண்டாம் சான்று, காலையுணவுச் சீரியல் பெட்டியின் கூப்பன். பக்கத்து மினியாபொலிஸ் வட்டாரத்தைச் சேர்ந்த ஜெனரல் மில்ஸ் 1996இல் தொடங்கிய திட்டம் அது. பெட்டி மூடியில் உள்ள சிறு கட்டத்தைக் கத்தரித்து அனுப்பினால் ஒன்றுக்குப் பத்து சென்ட் பள்ளிக்குச் சேரும். 2019 முதல் கத்தரிக்கோல் போய், கடை ரசீதைப் போனில் படமெடுக்கும் முறை வந்தது. நம் மடல் ரசீதைத்தான் கேட்கிறது. இரண்டையும் கூட்டிக் கழித்து, மடல் 2023க்கும் நான் அதைப் படித்த நாளுக்கும் இடைப்பட்டது என்ற முடிவுக்கு வந்தேன். அச்சிட்ட தேதியும் இதனோடு ஒத்துப்போகிறது. தற்செயல்தான். வேறோர் அறிஞர் இதைச் சங்க காலத்துக்கு முன்னே தள்ள விரும்பினால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். பத்து சென்ட் நாணயத்தில் உரோமர் தொடர்பை அவர் காணக்கூடும்.

பொருளடைவு

நூலகப் புத்தகங்களைத் திருப்பித் தர வேண்டும். இதில் ஆராய ஒன்றுமில்லை. குரோம்புக் கணினியை மின்னேற்றியோடு ஒப்படைக்க வேண்டும். மின்னேற்றி என்னும் சொல் தடித்த எழுத்தில் இருப்பதற்குப் பின்னால் ஒரு துயர வரலாறு இருக்க வேண்டும். சுகாதார அறையில் உள்ள மருந்துகளைப் பெற்றோரே வந்து வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையேல் அழிக்கப்படும். தன்னார்வலர்க்கு நன்றி. மூன்று ஆசிரியர்கள் ‘புதிய பயணத்தைத் தொடங்குகிறார்கள்’. எங்கே, ஏன் என்று மடல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இனி நூலின் உயிர்நிலைக்கு வருவோம்.

கிடைத்த பொருட் படலம்

ஆண்டு முழுதும் பள்ளியில் கிடைத்து, உரியவர் வராத பொருள்களின் பட்டியல் இது. வெள்ளிக்கிழமைக்குள் எடுக்காதவை தானமாகப் போகும் என்று மடல் மகிழ்ச்சியோடு அறிவிக்கிறது. பட்டியலில் தண்ணீர்ப் புட்டிகள் பல. அவற்றின் உட்பொருள் குறித்து மடல் காக்கும் மௌனம் நயத்தக்க நாகரிகம். பிறகு ஹாட்டிஷ் பாத்திரத்தின் மூடி ஒன்று. ஹாட்டிஷ் இந்த மாநிலத்தாரின் விருந்துணவு, இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்து ஓவனில் சுட்டெடுப்பது. கூட்டு விருந்துக்கு வந்த பாத்திரம் வீடு திரும்பி, மூடி மட்டும் ஏன் தங்கியது என்பது தனி ஆய்வுக்குரியது. உறையில் இட்ட பால்பல் ஒன்று. (காண்க: பை.சு., இரண்டாம் தாள், பழக்கறைக்குத் தெற்கே.) அன்றிரவு தலையணைக்கடியில் வைக்க வேண்டிய பல் ஆண்டு முழுதும் அலுவலக இழுப்பறையில் கிடந்திருக்கிறது. பல்லை எடுத்துக்கொண்டு காசு வைக்கும் பல் தேவதையின் வரவுசெலவில் விழுந்த இந்தத் துண்டை இதுவரை எவரும் கவனிக்கவில்லை.

பனிக்காற்சட்டை இரண்டு. இது நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. ஜனவரியில் சுழியத்துக்குக் கீழ் இருபது டிகிரி வரை இறங்கும் ஊரில், காலையில் பனிக்காற்சட்டையோடு பள்ளிக்குப் போன குழந்தை மாலையில் அது இல்லாமல் எப்படி வீடு வந்து சேர்ந்தது? இரண்டு குடும்பங்கள் இதைக் கவனிக்கவில்லை என்பதற்கு மடலே சான்று. கவனித்தும் அடுத்த கடையில் புதிதாக வாங்கிக்கொண்டார்கள் என்பது, மாலையில் பிள்ளைகளை அழைக்க நிற்கும் கார் வரிசையில் வழங்கும் செவிவழி மரபு. (காண்க: மேற்படி வரிசை, முன்னிருந்து நான்காவது வண்டி, இறக்கிய கண்ணாடி வழியே கேட்டது.)

இவற்றையெல்லாம் விஞ்சுவது ‘ஊதா நிறக் கையுறை, ஒன்று’. ஒன்று என்ற சொல்லை உரையாசிரியர் எவரும் இதுவரை விளக்கவில்லை. கையுறை இணையாகவே பிறக்கிறது. அப்படியிருக்க ஒற்றையாய்க் கிடைத்தது வலமா, இடமா?

வலக்கைக் கொள்கையர் கூறுவது: குழந்தைகளில் பெரும்பாலோர் வலக்கைப் பழக்கம் உடையோர். சட்டையின் ஜிப்பை இழுக்க, மூக்கைத் துடைக்க, பனிக்கட்டியைத் தின்று பார்க்க வலக்கையுறையைக் கழற்றுவர். கழற்றியது தொலையும். ஆகவே வலம். இதை மறுக்கும் இடக்கைக் கொள்கையர், கழற்றும் தொழிலைச் செய்வதே வலக்கைதான் என்பர். அது முதலில் இடக்கையுறையை உருவிக் கீழே போடும். வலக்கையுறையைக் கழற்ற வேறு கை ஓய்ந்திருப்பதில்லை ஆதலின், அதைப் பல்லால் இழுப்பர். வாயில் இருப்பது தொலையாது. ஆகவே இடம். நுட்பமான வாதம்தான். ஆயினும் முன்பல் விழுந்த பருவத்தாரிடம் இது செல்லாது. மேற்சொன்ன உறையிலிட்ட பல் இதற்கு எதிர்ச்சான்றாகிறது. (காண்க: கு.சு., காந்தத்துக்குக் கீழ், தக்காளிச் சாறு படிந்த பத்தியில் கீழிருந்து மூன்றாம் வரி, அதன்மேல் பச்சைக் கிரேயானில் வரைந்த டைனோசாரின் இடது முன்காலுக்கு அருகே, வேறொரு கையெழுத்தில் உள்ள ‘பால் வாங்கணும்’ என்னும் ஓரக்குறிப்பை நீக்கிப் படிக்க.) இரு கொள்கையும் பிழை என்று சொல்லும் மூன்றாமவரின் கட்டுரை இன்னும் வெளிவரவில்லை. அதற்கான மறுப்பை எழுதி முடித்துவிட்டேன்.

அலுவலகத்துக்குச் சென்று மூலப்பொருளையே பார்வையிட்டேன். உட்புறம் ஒட்டிய பட்டையில் ஒரு பெயர் எழுதி அடித்திருக்கிறது. அதன்மேல் இன்னொரு பெயர், அதுவும் அடித்தது. அதற்குமேல் மூன்றாவது, பாதி சாயம் போனது. அக்காள் அணிந்து தங்கைக்கு இறங்கிய பரம்பரை இது என்பது தெளிவு. மூன்றாம் பெயரின் கடைசி எழுத்தைப் பூதக்கண்ணாடியால் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற என் இளையவள், “அப்பா, அது என்னோடது. டிசம்பர்லயே சொன்னேன்ல?” என்றாள். தகவலாளியின் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவளுக்கு வயது ஏழு. ஆய்வு நெறியில் பயிற்சி இல்லை. பொருளின் மேல் சொந்த நலனும் இருக்கிறது. கையுறையைப் பெட்டியிலேயே திரும்ப வைத்துவிட்டு வந்தோம்.

இடைச்செருகல்

மடலின் கடைசித் தாளில், மற்றவற்றைவிடச் சிறிய எழுத்தில், ஒரு பத்தி உள்ளது. அடுத்த ஆண்டு உங்கள் பிள்ளை திரும்பி வருமா என்ற படிவத்தை வெள்ளிக்குள் தரவும். எண்ணிக்கை குறைந்தால் இரண்டாம், மூன்றாம் வகுப்புகளைச் சேர்த்து நடத்த நேரிடும். கட்டட வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது பற்றி ஆட்சிக்குழு செவ்வாய் மாலை கூடுகிறது, பெற்றோர் வரலாம் என்பது அதன் பொருள். மூன்று சுவடியிலும் இது இருக்கிறது. ஆயினும் இதை மூல ஆசிரியர் எழுதியிருக்க முடியாது.

காரணம் வெளிப்படை. மடலின் எல்லா வாக்கியங்களும் வியப்புக்குறியில் முடிகின்றன. மருந்து அழிக்கப்படும் என்பதற்கும் வியப்புக்குறி உண்டு. இந்தப் பத்தியில் மட்டும் முற்றுப்புள்ளி. மற்ற இடங்களில் ‘நம் பள்ளிக் குடும்பம்’ என்று பேசும் குரல், இங்கே ‘நாங்கள்’ என்கிறது. சூரியகாந்தி, சிரிக்கும் பென்சில் முதலிய அணிகள் இதைச் சுற்றி இல்லை. நூல் முழுதும் பரவிய உவகைச் சுவையோடு இது எவ்வகையிலும் பொருந்தவில்லை. அஞ்சிய ஒருவர் பிற்காலத்தில் எழுதிச் சேர்த்தது என்றே கொள்ள வேண்டும். புதிய பயணம் தொடங்கும் அந்த மூன்று ஆசிரியர்களோடு இதை இணைத்துப் படிக்க வேண்டும் என்பது என் மனைவியின் கருத்து. அவள் துறைசார்ந்தவள் அல்லள். தனியார் நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறாள்.

செம்பதிப்பில் இப்பத்தியை நீக்கிவிடுவதாக இருக்கிறேன். படிவத்தைக் கொடுத்தாயிற்றா என்று அவள் இப்போது காலையும் மாலையும் கேட்கிறாள். கையுறை பற்றிய என் குறிப்புகள் யாவும் அதன் பின்பக்கத்தில்தான் உள்ளன. ஆய்வு முடியும்வரை அதை வெளியே தருவதற்கில்லை.