கடலோரம் குளுகுளுன்னு எவன் சொன்னான்?

வா பேராண்டி, உக்காரு. மே மாச லீவுக்குப் பொண்டாட்டி பிள்ளைகளோட கடலோரம் போறியாமே? கடலூர்ல ஆரம்பிச்சு பாண்டிச்சேரி, மாமல்லபுரம், மெரினான்னு ஒரு சுத்து. அயோத்தியாப்பட்டணத்துல 39 டிகிரி, அங்க 35 தான்னு போன்ல பார்த்துட்டயாம். நாலு டிகிரி லாபம்! ஏற்காட்டு மலையடிவாரத்துல பொறந்துட்டு, அந்த மலைக்கு முதுகைக் காட்டி, ஆத்தூர் உளுந்தூர்பேட்டை தாண்டி 200 கிலோமீட்டர் கிழக்க ஓடிக் குளுமை தேடற ஆளு நம்ம வம்சத்துல நீதான் முதல். பெருமையாத்தான் இருக்கு.

போகாதேன்னு சொல்ல நான் யாரு? லாரி ஓட்டிப் பொழைச்சவன். போறப்ப ஜவ்வரிசி, வர்றப்ப உப்பு. தூத்துக்குடியிலயும் வேதாரண்யத்துலயும் லோடுக்குக் காத்துக் கெடந்தப்ப உப்பளத்துக்காரங்களும் மீன்பிடிக்கிறவங்களும் பேசினதைக் காதுல போட்டுக்கிட்டேன். மிச்சம் டீக்கடைப் பேப்பர். உன்னோட போனுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிரப் போகுது? இருந்தாலும் கேளு. காசா, பணமா?

முதல்ல அந்த 35 டிகிரிக் கதையை முடிச்சுருவோம். நம்ம பக்கம் சேகோ ஃபாக்டரிக் களத்தைப் பார்த்திருப்ப. ஈர மாவைக் கொட்டிப் பரப்பினா, காஞ்ச காத்து வந்து ஈரத்தை உறிஞ்சிக்கிட்டுப் போயிரும். அதே களத்தைக் கொண்டுபோய்க் கடலோரத்துல போடு. வெயில் அங்கயும் அடிக்கும். ஆனா காத்து ஏற்கெனவே வயிறு முட்டத் தண்ணி குடிச்சுட்டு வந்து நிக்கும். உன்னோட ஈரத்தை எங்க வாங்கும்? உடம்பும் ஒரு களந்தான் கண்ணு. வேர்வை வழிஞ்சா உடம்பு குளுராது, வேர்வை காஞ்சாத்தான் குளுரும். கடலோரத்துல அது வழியும், காயாது. சட்டை முதுகோட ஒட்டும், தலையணை நனையும், அவ்வளவுதான்.

சூட்டையும் ஈரத்தையும் சேர்த்து அமெரிக்க வானிலைக்காரங்க ஒரு அட்டவணை போட்டு வெச்சிருக்காங்க. 39 டிகிரி வெயில்ல ஈரப்பதம் 25 சதவீதம்னா உடம்புக்கும் ஏறக்குறைய 39, 40 தான். 35 டிகிரியில ஈரப்பதம் 70 சதவீதம்னா உடம்புக்கு 50 டிகிரி. நாலு டிகிரி லாபம்னு போனவன் பத்து டிகிரி நட்டத்துல திரும்பறான். ராத்திரியாவது ஆறும்னு நெனைக்காத. மே மாசத்துல சென்னையில பல ராத்திரி 28 டிகிரிக்குக் கீழ எறங்கறதே இல்ல.

இதுல எனக்கு வெக்கமா இருக்கறது ஒண்ணுதான். நாமக்கல்லுல கோழிப்பண்ணைக்காரன் என்ன பண்றான்? அங்க கால்நடை மருத்துவக் கல்லூரியில இருந்து வெயில் எத்தனை, ஈரப்பதம் எத்தனை, காத்து எந்தப் பக்கம், எவ்வளவு வேகம்னு கோழிக்காகவே அறிக்கை வருது. கோழிக்கு வேர்க்காது, வாயைத் தொறந்து இளைச்சுத்தான் சூட்டைக் கழிக்கணும். அதனால பண்ணைக்காரன் அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் தீனிக்கும் தண்ணிக்கும் நேரம் வெக்கறான். முட்டை போடற கோழிக்கு இத்தனை கவனிப்பு. நீ பெத்த பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போற, ஈரப்பதம்னு ஒரு எண்ணு போன்ல அடியில கெடக்கறதைக்கூடத் தள்ளிப் பார்க்கல. உன் பிள்ளைங்க முட்டை போட்டிருந்தா பார்த்திருப்பியோ என்னவோ!

அடுத்தது காத்து. கடலோரத்துல வெயிலைத் தீர்மானிக்கறது சூரியன் மட்டுமில்ல, கடல்காத்து எத்தனை மணிக்கு வருதுங்கறதும்தான். காலையில தரை சீக்கிரம் சூடாயிரும், கடல் மெதுவாத்தான் சூடாகும். தரைமேல இருக்கற காத்து எழும்ப எழும்ப, அந்த எடத்துக்குக் கடல்மேல இருக்கற காத்து உள்ள வரும். முன்பகல் 11 மணி வாக்குல வந்துட்டா அன்னைக்கு ஊரு பொழைச்சுது. மேக்க இருந்து கோடைக்காத்து பலமா அடிச்சா, அது கடல்காத்தை வாசல்லயே நிறுத்தி வெச்சிரும். மத்தியானம் ரெண்டு, மூணு மணி ஆயிரும். சில நாள் வரவே வராது.

கத்திரி முடிஞ்சா வெயில் கொறையும்னு உங்க ஆயா சொல்லுவா. நம்ம ஊருக்கு அது ஓரளவு சரி, கோடைமழை ரெண்டு அடிச்சிருக்கும். ஆனா சென்னையில கதை வேற. மே கடைசியில தென்மேற்குப் பருவக்காத்து கெளம்பற நேரம், மேக்குக் காத்து இன்னும் உரமாகும். அதனால கத்திரி போன பொறவுதான் அங்க நெருப்பு. 2003 மே 31 அன்னைக்கு நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி. பஞ்சாங்கத்துல கத்திரி முடிஞ்சிருச்சு, காத்துக்கு யாரும் சொல்லல. நீ போற நாள்ல மேக்குக் காத்து தூக்கலா இருக்குன்னு ரேடியோவுல சொன்னா, பயணத்தை ரெண்டு நாள் தள்ளிப் போடு. ரூம் அட்வான்ஸ் போயிரும்னு கணக்குப் பார்க்காத. குளுக்கோஸ் பாட்டிலுக்கும் காசுதான்.

இப்போ தண்ணிக்கு வருவோம். நம்ம ஊரு ஏரி ஒரு எடத்துல கெடக்கும். கடல் கெடக்காது. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறும், ரெண்டு தடவை எறங்கும். இன்னைக்குக் காலையில 6 மணிக்கு நெறைஞ்சா நாளைக்கு 6.50 வாக்குல நெறையும். நிலா தெனமும் ஏறக்குறைய 50 நிமிசம் பிந்தி வர்றா, கடலும் அவ பின்னாலயே பிந்திப் போகும். நேத்து இந்நேரம் மணலா இருந்துச்சேன்னு அங்க போயி நியாயம் கேக்காத.

அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டின நாள்ல ஏத்தமும் பெருசு, எறக்கமும் பெருசு. அஷ்டமியை ஒட்டி ரெண்டுமே சின்னது. வேடிக்கையைப் பாரு. அஷ்டமியில பயணம் ஆகாதுன்னு நம்ம வீட்டுல கூடையைக்கூட வெளிய எடுத்து வெக்க விடமாட்டாங்க. தண்ணி அதிகமா ஆடாத நாளு அதுதான். அமாவாசைக்கு முழுக்குப் போடணும்னு வண்டி கட்டிக்கிட்டுப் போவோம், அன்னைக்குத்தான் தண்ணி கூடுதலா ஆடும். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்துல பாக் சலசந்தி ஆழம் கொறைச்சல், அலையும் கொறைச்சல், அதனால முங்கி எந்திரிச்சு வந்துரலாம். அந்தத் தைரியத்தை மெரினாவுக்குக் கொண்டுபோகாத. அங்க ரெண்டு எட்டு வெச்சா தரை சட்டுன்னு சரியும், அலை திரும்பறப்ப காலடி மண்ணையும் உருவிக்கிட்டுப் போகும். குளிக்கத் தடைன்னு போர்டு வெச்சிருக்காங்க. அதுக்கு முன்னாடி நின்னு ஃபோட்டோ எடுத்துட்டு நேரா உள்ள போற ஆளுங்களும் இருக்காங்க. நல்லவேளை, எழுத்தாவது ஃபோட்டோவுல தெளிவா விழுது.

நம்ம கரையில ஏத்த எறக்கம் பெரிசா ஒண்ணும் இல்ல. சென்னையில பெரிய ஏத்தத்துலயே ஒரு மீட்டர் வாக்குல. குஜராத்துல காம்பே வளைகுடாவுல 10 மீட்டர் வரைக்கும் ஏறும். நம்மளோடது கொறைச்சலா இருக்கறதனாலதான் கொஞ்சம் எறங்கினாலும் நமக்குப் பெரிய அதிசயம். திருச்செந்தூர்ல அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல் உள்வாங்கிருச்சுன்னு பேப்பர்ல போடுவாங்க. உடனே ஒரு கூட்டம் பாசி புடிச்ச பாறைமேல ஏறி நின்னு படம் புடிக்கும். கன்னியாகுமரியில நீர்மட்டம் எறங்கினா விவேகானந்தர் பாறைக்குப் படகே விடமாட்டாங்க. அன்னைக்கு டிக்கெட்காரன்கிட்டச் சண்டை போடாத, நிலாவோட போய்ப் போடு. ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்க. நிலாவுக்காக எறங்கற தண்ணி ஆறு மணி நேரம் நிதானமா எறங்கும். பூமி குலுங்கின பொறவோ, நாலஞ்சு நிமிசத்துலயோ கடல் சரசரன்னு பின்வாங்கினா அது 2004 டிசம்பர் 26 சுனாமி சமாச்சாரம். செருப்பைக்கூட எடுக்காம மேட்டைப் பார்த்து ஓடு.

இப்போ சிரிக்காமச் சொல்றேன், சிரிக்காமக் கேளு. கள்ளக்கடல்னு ஒண்ணு உண்டு. காத்து இருக்காது, மேகம் இருக்காது, வானம் பளிச்சுன்னு இருக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெக்க, இந்தியப் பெருங்கடலோட தென்கோடியில எங்கயோ புயல் அடிச்சிருக்கும். அங்க கெளம்பின அலை நாள்கணக்குல பயணம் பண்ணி, சொல்லாமக் கொள்ளாம நம்ம கரையில ஏறும். ஏப்ரல், மே மாசத்துல குமரி, கேரளா பக்கம் இது அதிகம். 2024 மே 6 அன்னைக்குக் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில அஞ்சு பயிற்சி மருத்துவர்களை அலை கொண்டுபோயிருச்சு. அறிவில்லாத பிள்ளைங்களா அதுங்க? ஊருக்கு உசிரு குடுக்கப் படிச்சதுங்க. ஐதராபாத்துல இருக்கற பெருங்கடல் தகவல் மையத்துல இருந்து எச்சரிக்கை வந்திருந்த நேரம் அது. எச்சரிக்கை வந்துச்சா இல்லையான்னு பார்க்கறதுக்கு அரை நிமிசம் ஆகும். அந்த அரை நிமிசத்தை நீ எடுத்துக்க. வானம் நல்லாத்தானே இருக்குன்னு எவனாவது சொன்னா, அவனோட சேராத.

சரி, மூஞ்சியைத் தொங்கப் போடாத, சாப்பாட்டுக்கு வரலாம். கடலோரம் போனா ஃப்ரெஷ்ஷா வஞ்சிரம் திங்கணும்னு உன் பொண்டாட்டி சொன்னாளாம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் கெழக்குக் கரையில விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம். முன்னே 45 நாளா இருந்ததைக் கூட்டிட்டாங்க. மீன் குஞ்சு பொரிச்சுப் பெருகட்டும்னு விட்டு வெக்கற காலம். நாட்டுப்படகுக்காரங்க கொண்டாறது கொஞ்சம், வெலை கண்ணைக் கட்டும். அப்போ ஓட்டல் தட்டுல விழற மீன் எங்க இருந்து வருது? மேக்குக் கரைக்குத் தடை ஜூன்லதான் ஆரம்பிக்கும். அதனால மே மாசத்துல கேரளா பக்கத்து மீன் ஐஸ் பெட்டியில ஏறி, கோயமுத்தூர் வந்து, நம்ம சேலத்து பைபாஸ் வழியாச் சென்னைக்குப் போகுது. நீ வீட்டுல குறட்டை விடறப்ப நம்ம ஊரைத் தாண்டிப் போன மீனை, நீ டீசல் போட்டுத் தொரத்திக்கிட்டுப் போய் மூணு மடங்கு வெலைக்குத் தின்னுட்டு, ‘கடல் மீன் ருசியே தனி’ன்னு ஸ்டேட்டஸ் போடப் போற. போடு, நான் லைக் போடறேன்.

இவ்வளவும் கேட்டுட்டும் போவேன்னா, போயிட்டு வா. கடலோட நேரத்துக்கு நீ மாறிக்க, உன்னோட நேரத்துக்கு அது மாறாது. விடியக்காலம் அஞ்சரைக்குக் கரையில இரு, எட்டு மணிக்குள்ள திரும்பிரு. மத்தியானம் மோரும் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணியும் குடிச்சுட்டு ஃபேனுக்கு அடியில கெட. கடல்காத்து வந்து மணல் ஆறின பொறவு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல மறுபடியும் போ. முழங்காலுக்கு மேல தண்ணி வேண்டாம், அதுக்கு நம்ம ஊருக் கெணறு இருக்கு. எறங்கறதுக்கு முன்னாடி கரையில வலை தைச்சுக்கிட்டு இருக்கற பெரியவர் ஒருத்தரைப் பார்த்து, ‘ஐயா, இன்னைக்குத் தண்ணி எப்படி?’ன்னு கேளு. சாருன்னு சொல்லாத, ஐயான்னு சொல்லு. அவர் தலையை ஆட்டினா போ. உதட்டைப் பிதுக்கினா, சுண்டல் வாங்கித் தின்னுட்டு ரூமுக்கு வா.

கடைசியா ஒண்ணு. எல்லாரும் ஒண்ணாத் தண்ணியில எறங்கக் கூடாது. ஒரு ஆளு எப்பவும் காஞ்ச மணல்ல உக்காந்து தலையை எண்ணிக்கிட்டே இருக்கணும். அந்த வேலைக்கு உங்க ஆயாவைக் கூட்டிக்கிட்டுப் போ. அவ போட்ட சத்தத்துல கோதண்டராமர் கோயில் தேரு நின்னிருக்கு. கடல் அவ பேச்சைக் கேக்காது, அது எனக்கும் தெரியும். ஆனா நீங்க அத்தனை பேரும் கேப்பீங்க. இத்தனை வருசமா நானே கேக்கறேன், நீ எம்மாத்திரம்?