கேளுங்கள், சொல்கிறேன்: ஜப்பானில் பிடித்ததும் பிடிக்காததும்

என் 6 வயது மகன், ஊரிலிருக்கும் பாட்டியிடம் வீடியோ காலில் "பீமன் கிராய்!" என்று கத்திவிட்டான். பாட்டி பதறிப்போய்விட்டார். (ஒரு தாய், நிஷி கசாய், டோக்கியோ)

பாட்டியிடம் சொல்லுங்கள், பேரன் இன்னும் பாண்டவர் கட்சிதான். 'கிராய்' என்றால் பிடிக்காது; அவன் வேண்டாம் என்றது பச்சைக் குடைமிளகாயை. ஜப்பானில் அதன் பெயர் பீமன். அந்நாட்டுப் பிள்ளைகளுக்கு அது பழைய எதிரி. அம்மாக்கள் அதைப் பொடியாக நறுக்கி, ஹம்பாகு என்கிற கொத்துக்கறி வடைக்குள் ஒளித்துவைப்பார்கள். பிள்ளைகள் கண்டுபிடித்து, சாப்ஸ்டிக் நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் அடுக்குவார்கள். பகாசுரனுக்குப் போன வண்டிச் சோற்றையே தின்று தீர்த்த பீமன், இங்கே தட்டோரத்தில் கேட்பாரற்றுக் கிடக்கிறான்!

வீட்டில் 'கிராய்' இருக்கட்டும். பள்ளியில் வேண்டாம், காரம் அதிகம். "பீமன் வா நிகதே தெஸ்" என்று பழக்குங்கள். எனக்கு அது ஒத்துப்போகாது என்கிற மாதிரி. யார் மனமும் நோகாது, சமைத்தவர் மனமும்.

பிடிக்கும் என்பதற்கான ஜப்பானியச் சொல் 'ஸ்கி', நம்முடைய 'சுகி' தானே? (தமிழார்வலர், மதுரை)

ஒலி ஒத்துப்போவதால் மட்டும் உறவாகிவிடாது. பேராசிரியர் சுசுமு ஓனோ தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டென்று நூல்களே எழுதினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை.

பிடித்ததைச் சொல்லப் பிள்ளைக்கு முதலில் எந்த வாக்கியத்தைச் சொல்லித் தருவது? (ஒரு தந்தை, சென்னை)

எதை வேண்டுமானாலும், ஆப்பிள் அட்டையை மட்டும் காட்டாதீர்கள்! ஆப்பிளைத் தொடாத பிள்ளையும் "ரிங்கோ கா ஸ்கி தெஸ்" (ஆப்பிள் பிடிக்கும்) என்று ஒப்பிக்கிறது. பிடித்ததைச் சொல்லக் கற்பிக்கிறேன் என்று உட்கார்ந்து பொய் சொல்லப் பழக்குவானேன்? "நானி கா ஸ்கி?" (என்ன பிடிக்கும்?) என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மாம்பழமா, டைனோசரா, மழையில் நனைவதா, எதுவானாலும் அதைக் 'கா'வுக்கு முன்னால் வைத்தால் முடிந்தது. ரொம்பப் பிடித்தால் 'தாய்ஸ்கி'.

தமிழ்ப் பிள்ளைக்கு இது கைவந்த இலக்கணம். "எனக்கு மாம்பழம் பிடிக்கும்" என்னும்போது மாம்பழத்துக்கு 'ஐ' போடுகிறோமா? ஜப்பானியரும் போடுவதில்லை. ஆங்கிலம் வழியாகப் போகிறவர்கள்தான் 'கா' இருக்க வேண்டிய இடத்தில் 'ஐ'க்கு இணையான 'ஓ'வைப் போட்டுத் தடுமாறுகிறார்கள். தமிழிலிருந்து நேரே போங்கள்.

டீச்சரின் உடையைப் பாராட்டப்போன மகள் "கிராய் தெஸ்" என்றுவிட்டாள். (யோகோஹாமா வாசகி)

அழகுக்கு 'கிரே', வெறுப்புக்கு 'கிராய்'. டீச்சருக்கு இந்தக் குழப்பம் பழகியிருக்கும்.

இதையெல்லாம் காஞ்சி எழுத்துகளில் எழுதக் கற்றுக்கொடுக்கலாமா? (ஒசூர் வாசகர்)

அவசரமே இல்லை. பிடிக்கும் என்பதற்கான எழுத்து ஜப்பானியப் பள்ளிகளிலேயே 4-ஆம் வகுப்பில்தான் வருகிறது. பிடிக்காது என்பதற்கானது தொடக்கப்பள்ளிப் பட்டியலிலேயே இல்லை. ஹிரகனா எழுத்துகள் போதும்.

மழலையர் காப்பகத்தில் தோழி "தாய்கிராய்" (உன்னைப் பிடிக்கவே பிடிக்காது) என்றாளாம். என் 5 வயது மகள் இரவெல்லாம் அழுதாள். என்ன சொல்வது? (ஒரு தாய், கவாசாகி)

முதலில் மடியில் உட்காரவைத்து முழுக்கதையும் கேளுங்கள். அந்த வயதில் பொம்மையைப் பிடுங்கினாலும் 'தாய்கிராய்'தான்; பெற்ற அம்மாவிடமே சொல்வார்கள், சாயங்காலத்துக்குள் மறந்தும்விடுவார்கள். ஆனால் கேட்ட குழந்தைக்கு வலி உண்மை. "சும்மா சொல்லியிருப்பா" என்று தள்ளிவிடாதீர்கள்.

அவளுக்கு இப்போது இரண்டு சொற்கள் வேண்டும். 'இயா': இது எனக்கு வேண்டாம். 'யமேதே': நிறுத்து. ஆளை வெறுக்காமல் செயலை மறுக்க இவை போதும். புது மொழிக்குள் வந்து விழுந்த பிள்ளை, சொல் கிடைக்காததால் எல்லாவற்றுக்கும் தலையாட்டிப் பழகிவிடும். அதற்குத்தான் நான் அஞ்சுகிறேன். வீட்டில் கிச்சுக்கிச்சு மூட்டும்போது அவள் 'யமேதே' என்றால் அந்தக் கணமே கையை எடுத்துவிடுங்கள். சொன்னால் நடக்கும் என்று அவள் கண்ணால் பார்க்க வேண்டும். நாளை காலை ரென்ராகுச்சோ என்கிற தொடர்பு நோட்டில் ஆசிரியைக்கும் நடந்ததை எழுதியனுப்புங்கள். அந்த நோட்டு இருப்பதே இதற்குத்தான்.

பாகற்காய் பிடிக்காது என்று எப்படிச் சொல்வது? (9 வயது வாசகர், ஓசாகா)

"கோயா வா நிகதே தெஸ்." ஆனால் ஓகினாவாக்காரர்கள் முட்டையும் தோஃபுவும் போட்டு வதக்கும் கோயா சான்புரூவை ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அப்புறமும் பிடிக்காவிட்டால் அம்மாவிடம் உங்களுக்காக நான் பேசுகிறேன்.